மருதஞ்சேனை நாலுக்குள் வந்த கோடை

சூரிச்சின் ஓர்லிகோனில் பரமநாதன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவர் வேறு. இவர் உதைபந்துப் பரமநாதன். மட்டக்களப்பில் மருதஞ்சேனைச் சின்னத்தம்பிப் போடியாரின் மகள் வழிப் பேரன். தாய் பெயர் தங்கம்மா. தங்கம்மாவுக்குப் பின்னால் பிறந்தவள் வள்ளியம்மை. அந்த வள்ளியம்மைக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் தில்லைநாயகி, இளையவள் யோகமலர். இந்தக் கதைக்கு இவர்கள் எல்லோரும் வேண்டும் என்பதால் உறவை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். அக்காளும் தங்கையும் பெற்ற பிள்ளைகள் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஆகவே பரமநாதன் அந்த இரண்டு பெண்களுக்கும் கூடப் பிறக்காத அண்ணன், அவர்களுடைய பிள்ளைக்குத் தாய்மாமன்.

அவர் சுவிசுக்கு வந்து முப்பது வருடம் கடந்துவிட்டது. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டார். மனைவி நிரஞ்சினி அதே இல்லத்தில் சமையலுக்கு உதவி. பெண்பிள்ளைகள் இரண்டும் கலியாணம் முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வேலையும் வீடும் போக மிச்சமிருந்த மனிதன் முழுவதும் உதைபந்துக்குத்தான்.

சுவிசில் இருக்கிற நம்மவர்களின் பழைய மாணவர் சங்கங்கள் கூடி, கோடையில் ஒரு போட்டித் தொடர் வைப்பார்கள். ஊரில் இருந்த ஒவ்வொரு கல்லூரியின் பெயரிலும் ஒரு அணி. விளையாடுகிறவன் அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றால் தகப்பனோ தாயோ அங்கே படித்திருக்க வேண்டும். எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடிந்ததும் ஆகக் கூடுதலான புள்ளி எடுத்த நாலு அணி பிளே-ஓஃபுக்குப் போகும். அந்த நாலுக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு. கொடி பிடித்து வரிசையாக வந்து மைதானத்தின் நடுவில் நிற்க, ஒலிபெருக்கியில் அவர்களுடைய கல்லூரிக் கீதத்தைப் போடுவார்கள். எதிரணி உட்படச் சனம் முழுக்க எழுந்து நிற்கும்.

மருதஞ்சேனைக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. பரமநாதன் அணியைத் தொடங்கிய காலத்திலிருந்து, கடைசிக்கு மேலே ஒரு படி, இல்லாவிட்டால் கடைசி. மற்ற ஆட்கள் என்றால் விட்டிருப்பார்கள். இவர் விடாததற்குக் காரணம் இருந்தது. மருதஞ்சேனைக் கல்லூரி என்று ஊரில் இப்போது ஒன்று இல்லை. சுனாமி கட்டடத்தைக் கொண்டுபோனது. பிறகு அரசாங்கம் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம் கட்டி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து வேறு பெயர் வைத்துவிட்டது. மருதஞ்சேனைக் கல்லூரி என்ற பேச்சு உலகத்தில் உரத்துக் கேட்கிற இடம் சூரிச்சில் அந்த மைதானத்து ஒலிபெருக்கி ஒன்றுதான். கீதத்தை அவர் பழைய மாணவிகள் இரண்டு பேரைக் கொண்டு பாடிப் பதிந்து வைத்திருந்தார். போடுவதற்கு ஒரு நாள் வரவேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதனுடைய ஆசை.

கோபிசன் வளர்ந்து பந்தைத் தொட்ட பிறகு அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது.

கோபிசன் தில்லைநாயகியின் மகன் என்று எல்லோருக்கும் தெரியும். உண்மை அப்படியல்ல. தில்லைநாயகி யாழ்ப்பாணத்து இராசகுலத்தைக் கட்டிச் சூரிச்சில் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள். யோகமலர் ஊரில் கலியாணம் செய்து கடற்கரையோரம் குடியிருந்தாள். அலை வந்த அன்றைக்கு அவளும் போனாள், புருஷனும் போனான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மம்மா வள்ளியம்மை உள்ளூர் வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தபடியால் குழந்தை மட்டும் மிஞ்சியது. தில்லைநாயகி செய்தி கேட்டுப் பறந்து போய், கடிதங்கள் முத்திரைகள் எல்லாம் முடிக்கும் வரை மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, குழந்தையோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குக் காரோடு போனது பரமநாதன்தான். பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

“அண்ணை, இண்டையிலயிருந்து இவன் நான் பெத்த பிள்ளை. நேரம் வரேக்கை நானே அவனுக்குச் சொல்லுவன். உங்கட வாயால வரக்குடாது.”

அவர் காரை ஓரமாக நிறுத்தி, திரும்பி, குழந்தையின் தலையில் கை வைத்துச் சரி என்றார்.

நேரம் வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்குகிற வருடம், இப்ப வேண்டாம் என்றாள். குரல் உடைகிற வயதில், அவன் இப்ப கோபக்காரன் என்றாள். இராசகுலம் மாரடைப்பில் செத்த வருடம், ஒரு தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று அழுதாள். பிறகு அவன் மின்சார வேலைக்கு லேரே என்கிற தொழிற்பயிற்சி செய்து முடித்தான், சம்பளம் எடுத்தான், அம்மாவுக்குப் புதுச் சோபா வாங்கிப் போட்டான். சொல்லவேண்டியதைத் தில்லைநாயகி இன்னும் தள்ளிக்கொண்டேயிருந்தாள். தெரிந்த சொந்தக்காரர் நாலைந்து பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரமநாதனும் காத்தார், மனைவியோடுகூட அந்தக் கதை கதைக்காமல் காத்தார்.

தில்லைநாயகி அணிக்கும் தாய் மாதிரி. அவள் இருக்கிற கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு சலவை இயந்திரம், குடும்பத்துக்கு ஒரு முறை நாள். அந்த நாளில் தன் வீட்டு உடுப்பைப் பின்னுக்குத் தள்ளி முதலில் அணியின் ஜேர்சிகளைத் தோய்ப்பாள். மேல்வீட்டுச் சுவிஸ் மனுசி, இத்தனை ஆண்பிள்ளைகளா உன் வீட்டில் என்று ஒருமுறை கேட்க, ஓம், எல்லாம் என்ர பிள்ளைகள்தான் என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னாளாம். பரமநாதன் எத்தனையோ தடவை, நான் வேலை செய்கிற இடத்தில் பெரிய மெசின் நிற்குது, கொண்டு வா என்று சொன்னார். கிழவர்களுடைய போர்வையோடு என்ர பிள்ளைகளின்ர ஜேர்சியைப் போடவோ என்று மறுத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் கோபிசன் கப்டன். எட்டாம் இலக்கம். வெயில் ஏற ஏற மருதஞ்சேனை வெல்லத் தொடங்கியது. பரமநாதன் சலவைப் பகுதியில் படுக்கைவிரிப்பு மடிக்கிற மேசையில் நின்றபடி, யார் யாரை வென்றால் நாங்கள் எந்த இடம் என்று வாய்க்குள் கணக்குப் போடுவார். திங்கட்கிழமைகளில் இல்லத்தில் இருக்கிற ஒரு சுவிஸ் கிழவர் சக்கர நாற்காலியை உருட்டி வந்து, என்ன என்பது போலத் தாடையை உயர்த்துவார். எத்தனையோ வருடமாகப் பெருவிரலைக் கீழே காட்டிய பரமநாதன் அந்தக் கோடையில் மேலே காட்டினார். கிழவர் கைதட்டுவார்.

கடைசி ஆட்டம் வந்து நின்றது கோரைமுனைக் கல்லூரியோடு. ஊரில் வாவிக்கு இந்தக் கரை மருதஞ்சேனை, அந்தக் கரை கோரைமுனை. மருதஞ்சேனைக்குச் சமநிலை போதும், நாலுக்குள் வந்துவிடும். கோரைமுனை வென்றால்தான் வரும். அவர்களுடைய பொறுப்பாளர் சிவமணி, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கெட்ட மனிதன் அல்ல. வருடா வருடம் பரமநாதனைக் கண்டால், என்ன அண்ணை, இந்த முறையும் எங்களுக்குப் புள்ளி கொண்டு வந்தனீங்களோ என்று கேட்பார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. நேரே ஏற்பாட்டுக் குழுவின் கூடாரத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார்.

தோற்கிற அணிக்கு எதிராக யாரும் முறைப்பாடு கொடுப்பதில்லை. அதனால்தான் அத்தனை வருடமும் அந்தக் கேள்வி வரவில்லை. வென்றதும் வந்தது. கோபிசனுடைய தகப்பன் யாழ்ப்பாணம். தாய் தில்லைநாயகி மருதஞ்சேனைதான், ஆனால் கல்லூரிப் படலையைத் தாண்டாதவள். ஐந்தாம் வகுப்போடு கோயிலடிச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நின்றவள். சிவமணியின் அக்காள்தான் அவளுக்கு அங்கே படிப்பித்தவள். ஆகவே அந்தப் பெடியனுக்கு மருதஞ்சேனைக்கு விளையாட உரிமையில்லை. முறைப்பாடு சரியென்று கண்டால் அவன் விளையாடிய எல்லா ஆட்டத்துப் புள்ளியும் போகும். பிளே-ஓஃப் போகும்.

பரமநாதனைக் கூப்பிட்டார்கள். கூடாரத்துக்குள் குழுவின் ஆட்கள் இரண்டு பேர், சிவமணி, ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான மரியதாஸ். மரியதாஸ் மன்னார்ப் பக்கத்து மனிதர், மேடைத் தமிழ் நன்றாக வரும். மேசையில் மைக், தண்ணீர்ப் போத்தல்.

“பரமண்ணை,” என்றார் சிவமணி, “தில்லைநாயகி அக்கா எங்க படிச்சவ எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்லமாட்டீங்கள் எண்டுதான் உங்களையே கேக்கச் சொன்னனான்.”

பரமநாதன் வெளியே பார்த்தார். பெடியள் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோபிசன் எதையோ சொல்ல, நிதுஷன் என்ற இடக்கால்காரன் சிரித்துக் குனிந்தான். தூரத்தில் உணவுக் கூடாரத்தில் தில்லைநாயகி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள். கொடி ஒரு கம்பத்தில் சுற்றியபடி சாய்ந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு அதை விரிக்க வேண்டும்.

அவருடைய மனம் போன போக்கை இப்போது நினைத்துப் பார்த்தால் விளங்குகிறது. அக்காளென்ன, தங்கையென்ன, ஒரு வயிற்றுப் பெண்கள், ஒரு குடி. மருதஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் அந்தப் பிள்ளை வள்ளியம்மையின் வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்லுவார்கள். அதிலே மறைக்க என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த ஒரு கணத்தில் கார்ப் பின் சீட்டு அவருக்கு நினைவு வரவில்லை.

“அவன்ர தாய் எங்கட கொலிச்சிலதான் படிச்சவ,” என்றார். “தில்லைநாயகி வளத்தவ. பெத்தவ என்ர சின்னத் தங்கச்சி யோகமலர். சுனாமியில போனவ.”

சிவமணி தொப்பியைக் கழற்றினார். அவர் அந்த நாளில் பிரெஞ்சுப் பக்கம் ரெனானில் இருந்தவர், இந்தக் கதை அவருக்கு எட்டவில்லை. யோகமலர் அக்காவை எனக்குத் தெரியும், காலையில் வாவிக் கரையில் நின்றால் உங்கள் கல்லூரிக் கீதம் அந்தக் கரைக்கும் கேட்கும், முன்வரிசையில் நின்று எடுத்துக் கொடுக்கிறது அவதான் என்று எங்கள் பிள்ளைகள் சொல்லுவார்கள் என்றார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை என்றார். முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன் என்றார். குழுவின் ஆட்கள், வாபஸ் தேவையில்லை, தீர்ப்புச் சொல்லியாயிற்று என்றார்கள்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இது உங்களோடு இருக்கட்டும், பிள்ளைக்குத் தெரியாது என்று. பரமநாதன் சொல்லவில்லை. விளையாடலாம் என்ற செய்தியைப் பெடியளிடம் கொண்டு ஓடினார். அந்த வயதில் ஓடினார்.

மரியதாஸிடம் ஒரு வழக்கம். முன்பொருமுறை ஒரு தீர்ப்பைக் காரணம் சொல்லாமல் விட்டதால் இரண்டு கல்லூரிக்காரர் வாகனத் தரிப்பிடத்தில் கைகலந்து, பொலிஸ் வந்து, ஒரு வருடம் மைதானமே தரமாட்டோம் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த முடிவையும் காரணத்தோடு அறிவிப்பார். அவர் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு செத்த பெண்ணுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். பரமநாதன் பாதி மைதானம் கடக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

“அன்பான ரசிகப் பெருமக்களே, மருதஞ்சேனைக் கல்லூரி அணித்தலைவர் கோபிசன் தொடர்பான முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது.”

பரமநாதன் பொத்திய கையை வானத்துக்கு உயர்த்தினார்.

“அவரைப் பெற்ற தாயார், ஆழிப்பேரலையில் எம்மை விட்டுப் பிரிந்த யோகமலர் அவர்கள், அக்கல்லூரியின் பழைய மாணவி என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. அன்னாருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.”

உயர்த்திய கை இறங்கவில்லை. அதை இறக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சனம் எழுந்து நின்றது. கதிரைகளில் இருந்தவர்கள், புல்லில் பாய் போட்டு இருந்தவர்கள், பிள்ளைகள், எதிரணிக்காரர், எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள்.

கோபிசன் முதலில் சிரித்தான். கிட்ட வந்து, “மாமா, மரியதாஸ் அங்கிள் சித்தியின்ர பேரை மாறிச் சொல்லுறார். போய்ச் சொல்லுங்கோ,” என்றான். அவனுக்கு யோகமலர் என்றால் சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிற சித்தி. சொல்லிவிட்டு அம்மாவைத் தேடினான், அவளும் சிரிப்பாள் என்று. உணவுக் கூடாரத்தில் எல்லோரும் நின்றார்கள். தில்லைநாயகி ஒருத்தி மட்டும் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய்க் கரண்டி கையில் இருக்க, குளிர்பானப் பெட்டிக்கு மேல் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு மாமனைப் பார்த்தான்.

“ஓமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

சூரிச்சில் இருந்து இருந்து பரமநாதனுடைய பேச்சு பாதி யாழ்ப்பாணமாகிவிட்டது. மகனே என்பதற்கு மனே என்கிற ஒரு சொல் மட்டும் ஊரிலிருந்து வந்தபடியே இருந்தது.

“ஓம் மனே,” என்றார்.

கோபிசன் கப்டன் பட்டியைக் கழற்றினான். ஜேர்சியைக் கழற்றினான். கையை உள்ளே மடித்து, நாலாக மடித்து, மேலே இலக்கம் தெரிகிற மாதிரித் தில்லைநாயகி மடிப்பது போலவே மடித்து மாமன் கையில் வைத்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையால் வெளியேறினான். அம்மா இருந்த பக்கம் போகவில்லை. அவள் எழுந்து இரண்டடி வைத்துக் கூப்பிட்டது கேட்டதோ இல்லையோ தெரியாது.

ஆட்டம் நடந்தது. எழுபது நிமிடம் முழுவதும் மருதஞ்சேனைப் பெடியள் தங்கள் கோலுக்கு முன்னால் மதில் போல நின்றார்கள். கோரைமுனைக்காரரும் மனம் வைத்து ஆடவில்லை என்று பிறகு சொன்னார்கள். கோல் இல்லாமல் சமநிலை. மருதஞ்சேனைக் கல்லூரி முதல் தடவையாக நாலுக்குள் வந்துவிட்டது என்று மரியதாஸ் குரலை உயர்த்தி அறிவித்தார். பெடியள் ஓடி வந்து பரமநாதனைச் சுற்றி நின்றார்கள், கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல். நிதுஷன் அவர் கையில் இருந்த ஜேர்சியைப் பார்த்துவிட்டு மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனான்.

அன்று தில்லைநாயகி ஜேர்சிப் பையை எடுக்காமல் போய்விட்டாள். பரமநாதன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், முறை நாள் இல்லாதபடியால் குளியல் தொட்டியில் போட்டுக் கையால் தோய்த்தார். வாழ்க்கை முழுக்க மற்றவர் உடுப்புத் தோய்த்த மனிதன். தண்ணீர் கறுத்து ஓடியது. ஒன்று மட்டும் மண் படாமல், வியர்வை படாமல், மடித்தபடி பக்கத்தில் இருந்தது. அதை நனைக்கவில்லை.

மறுநாள் கிழவர் நாற்காலியை உருட்டி வந்து தாடையை உயர்த்தினார். பரமநாதன் பெருவிரலை மேலேயும் காட்டவில்லை, கீழேயும் காட்டவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வேலை முடிந்ததும் தில்லைநாயகி வீட்டுக்குப் போனார். அவள் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். கோபிசன் பிரெஞ்சுப் பக்கம் லா ஷோ-து-ஃபோனில் இராசகுலத்தின் தம்பி வீட்டில் இருக்கிறான், தொலைபேசி எடுக்கிறானில்லை என்றாள். பரமநாதன் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் சொல்லியிருந்தா என்னோட சண்டை பிடிச்சிருப்பான், அண்ணை. பிடிச்சிட்டு, நான் போட்ட சோத்தையும் சாப்பிட்டிருப்பான். உலகத்தை எழும்பி நிக்க வச்செல்லோ அவனுக்குச் சொன்னனீங்கள்.”

கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கிழமை ஏழு நாளும் நகரவில்லை. குழுவிலிருந்து அழைத்து, கீதத்தின் பதிவை அனுப்பச் சொன்னார்கள். எட்டாம் இலக்கத்துக்கு இனி ஒருவரும் கேள்வி கேட்க முடியாது, தாராளமாக விளையாடலாம் என்று சந்தோசமாகவும் சொன்னார்கள். பரமநாதன் பதிவை அனுப்பினார். கோபிசனுக்கு அழைத்தார், அழைத்தார். சனி மாலை ஒரு செய்தி வந்தது. நாளைக்கு வேணுமெண்டா வாங்கோ, கதைப்பம் என்று.

நாளைக்குத்தான் பிளே-ஓஃப். அவர் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு நிரஞ்சினியைப் பார்த்தார். அவள் ஆட்டத்துக்குப் பெடியளுக்குக் கட்ட வேண்டிய தோடம்பழத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “கொடியை நான் கொண்டு போறன். நீங்கள் ரெயிலுக்குப் போங்கோ,” என்றாள்.

லா ஷோ-து-ஃபோன் மலைக்கு மேலே கிடக்கிற ஊர். கோடையிலும் காற்றில் ஒரு குளிர் இருக்கும். தெருக்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேர், இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல் வைத்த மணிக்கூட்டுத் தொழிலாளர் வீடுகள். இராசகுலத்தின் தம்பி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. கோபிசன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நிலையத்துக்கு வெளியே மரத்துக்குக் கீழே போட்டிருந்த ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மாமன் பக்கத்தில் இருந்ததும் கொஞ்சம் தள்ளி இருந்தான், இடம் விடுவது போலவும் இருந்தது, விலகுவது போலவும் இருந்தது.

பரமநாதன் சொல்ல வேண்டியதை ரெயிலில் அடுக்கிக்கொண்டு வந்தவர். அதை விட்டுவிட்டுப் பையிலிருந்து ஜேர்சியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை. கடைசியில் அவன்தான் கதைத்தான்.

“இருவது வருசம் வச்சிருந்தீங்கள், மாமா. அம்மாவுக்காக வச்சிருந்தீங்கள். அது எனக்கு விளங்குது. ஒரு மட்ச்சுக்காக விட்டீங்கள். அதுதான் விளங்கேல்லை.”

அந்தப் பெயர் அழிந்துபோன கல்லூரி, ஒலிபெருக்கி, கொடி என்று பரமநாதன் நெஞ்சில் இருந்த எதையும் அந்த வாங்கில் வைத்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது கைபேசி அடித்தது. நிரஞ்சினி. அவர் எடுக்காமல் விட, எடுங்கோ மாமா, அவசரமாக்கும் என்றான். எடுத்தார். அவள் ஒன்றும் கதைக்கவில்லை. அங்கே கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள் போல. முதலில் காற்று இரைந்தது. பிறகு மரியதாஸின் குரல், மருதஞ்சேனைக் கல்லூரி என்று. பிறகு கீதம் தொடங்கியது.

இரண்டு பெண்கள் பாடிய பாட்டு, சூரிச் மைதானத்தில் பட்டு, கைபேசிக்குள் சுருங்கி, அந்த மலை ஊர் வாங்கில் வந்து கேட்டது. பரமநாதன் எழுந்து நிற்கப் போனார், வழக்கம் அப்படி. பாதியில் நின்று மறுபடி இருந்தார். கோபிசன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முதல் அடி முடிந்து இரண்டாம் அடிக்குப் போனது.

“இதை அவவும் பாடினவவோ?” என்றான்.

“ஓம். முன்வரிசையில நிண்டு. அவ எடுத்துக் குடுத்தாத்தான் மற்றவைக்கு வரும்.”

“குரல் எப்பிடி?”

பரமநாதன் யோசித்தார். சின்னத்தம்பிப் போடியாருக்கு மேலே மூன்று தலைமுறை சொல்லக்கூடியவர். யார் யாரைக் கட்டினார், எந்தப் பிள்ளை எந்த மழைக்குப் பிறந்தது என்று சொல்லக்கூடியவர். யோகமலர் இரட்டைப் பின்னலோடு முன்வரிசையில் நிற்பது தெரிந்தது, வாய் அசைவது தெரிந்தது. குரல் வரவில்லை. கைபேசியில் பாடுகிற இரண்டு பெண்களுடைய குரல்தான் அந்த வாயிலிருந்து வந்தது.

அவர் பதில் சொல்லாததைப் பார்த்துக் கோபிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நிப்பாட்டுங்கோ, மாமா.”

பரமநாதன் நிறுத்தினார். கீதத்துக்கு இன்னும் பாதி இருந்தது. அங்கே சனம் எழுந்து நின்றுகொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவர்கள் அதிகம் கதைக்கவில்லை. அவன் இங்கேயே வேலை தேடுவதாகச் சொன்னான். பிரெஞ்சு படிக்க வேண்டும் என்றான். ரெயில் வருகிற நேரம் எழுந்து மேடை வரை கூட வந்தான். ஜேர்சி வாங்கில் கிடந்தது, அதைத் திரும்பப் போய் எடுத்து வந்து மாமன் பையில் வைத்தது அவன்தான். மருதஞ்சேனை ஆட்டத்தில் மூன்று கோலால் தோற்ற செய்தி திரும்புகிற வழியில் வந்தது. பரமநாதன் பார்த்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

ரெயிலில் ஏறுமுன் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், அம்மாவுக்கு என்ன சொல்ல என்று. கோபிசன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ.”

ஓர்லிகோனில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. கட்டடத்து முற்றத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே தில்லைநாயகியின் கதவுக்குப் போய் மணியை அடித்தார். உள்ளே காலடி வந்து நின்றது. பார்க்கிற துவாரம் இருண்டது. கதவு திறக்கவில்லை.

“நாயகி, அவனைப் பாத்திட்டு வாறன்,” என்றார் கதவைப் பார்த்து. “சாப்பிடுறானாம். உனக்குச் சொல்லச் சொன்னவன்.”

காலடி விலகவில்லை. அவர் திரும்பப் போகப் பையைத் தூக்கினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

“என்னத்தைச் சாப்பிடுறானாம்?”

அதை அவர் அவனிடம் கேட்டுக்கொண்டு வரவில்லை.